புது டிஸ்ட்ரிபியூட்டர் சாமான் மாட்டிய பிறகு தொப்பூர் ஏற்றத்தில் நின்ற அம்பாசிடர்

தருமபுரி, அம்பாசிடர்

பெட்ரோல் அம்பாசிடரை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நம் பக்கம் கொஞ்சப் பேர்தான் மிச்சம். 1489 சிசி எஞ்சின், லூகாஸ் டிவிஎஸ் டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்குக்கும் நேரம் பார்த்துப் பொறியைப் பங்கிடும் பாகம்). உள்ளே கரண்டைத் திறந்து மூடும் சிபி பாயின்ட், அதனோடு சேர்ந்த கன்டென்சர், சுற்றிச் சுற்றிப் பொறியைக் கொடுக்கும் ரோட்டார், மேலே பிளக் வயர்கள் கிளம்பும் மூடியான கேப். இந்த நான்கையும் மாற்றினால் வண்டி புதுசு மாதிரி ஓடும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் வண்டியில் நடந்தது வேறு. சாமான் வாங்கப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

வண்டி அப்பாவுடையது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது, ஸ்லோவில் மிஸ்ஸிங் அடித்தது. கேப்பைத் திறந்து பார்த்தால் பாயின்டின் ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் மேடு. சேலத்தில் ஒரு கடையில் நான்கு சாமானையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, நாலு ரோடு பக்கம் இருக்கும் பழைய மெக்கானிக்கிடம் போனோம். எழுபது வயதைத் தாண்டியவர். எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். நான்கையும் மாட்டி முடித்ததும், கழற்றிய பழைய சாமானை ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார். “இதத் தூக்கிப் போட்றாதீங்க கண்ணு, டிக்கியிலயே கெடக்கட்டும்” என்றார். ஊருக்குள் ஓட்டிப் பார்த்தோம். சாவியைத் திருப்பினதும் ஸ்டார்ட், ஸ்லோவில் நிதானம். அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம்.

சேலம் போய்த் திரும்பும்போது தொப்பூர் கணவாயில்தான் தொல்லை ஆரம்பித்தது. சேலம் பக்கமிருந்து வந்தால் அது நல்ல ஏற்றம். மத்தியான வெயில், முன்னால் ஊர்ந்துபோகும் லோடு லாரிகள். சைலன்சரில் படபடவென்று வெடித்தது, இழுவை போனது, ஓரம் கட்டுவதற்குள் எஞ்சின் நின்றே விட்டது. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு பானெட்டைத் திறந்தோம். கொஞ்சம் ஆறியதும் ஸ்டார்ட் ஆனது. சூடு ஏறியதும் மறுபடி நின்றது.

சூட்டில் நிற்கிற வண்டி என்றால் பெட்ரோல் லைனில் ஆவி அடைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் முதலில் கார்பரேட்டரைப் பார்த்தேன். பெட்ரோல் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அப்புறம் கேப்பைக் கழற்றி, பாயின்ட் மூடியிருக்கும் நிலைக்கு எஞ்சினைத் திருப்பி வைத்து, இக்னிஷனை ஆன் செய்து, ஒரு மரக்குச்சியால் பாயின்டைத் திறந்து திறந்து விட்டேன். ஒவ்வொரு முறையும் பாயின்டுக்கு நடுவே தடிமனாகப் பொறி பறந்தது. அதே நேரம், பொறிக்கான அதிக வோல்ட்டைத் தரும் காயிலிலிருந்து வரும் தடித்த வயரைத் துணி சுற்றி எஞ்சின் பிளாக் அருகே அப்பா பிடித்திருந்தார். அங்கே வரவேண்டிய பொறி மெலிந்து, சிவந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவில் இருந்தது. புதுப் பாயின்டின் முகம் அதற்குள் நீலம் பாரித்திருந்தது. இவை எல்லாம் சேர்ந்து வந்தால் கன்டென்சர் போய்விட்டது என்று அர்த்தம்.

கன்டென்சர் என்ன செய்கிறது என்று தெரிந்தால் இது ஏன் என்று புரியும். பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலின் முதல் சுற்றில் கரண்ட் ஓடி ஒரு காந்தப் புலம் உண்டாகிறது. பாயின்ட் திறந்த நொடியில் அந்தப் புலம் சட்டென்று சரிய வேண்டும். சரிந்தால்தான் இரண்டாம் சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பி பிளக்கில் பொறி விழும். கன்டென்சர் இல்லாவிட்டால் கரண்ட் நிற்காமல் பாயின்ட் இடைவெளியைத் தாண்டிப் பாய்ந்துகொண்டே இருக்கும். புலம் மெதுவாகச் சரியும், பிளக்குக்கு வலு இருக்காது, பாயின்டும் கருகும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து நொடிக்கு 100 பொறி. விரல்நுனி அளவு டப்பாவுக்குள் சுருட்டிய மெல்லிய படலம் அத்தனையையும் தாங்க வேண்டும். மட்டமான கன்டென்சரில் அந்தப் படலம் குளிரில் தாங்கும், சூட்டில் விட்டுவிடும். ஊருக்குள் நன்றாக ஓடிய வண்டி ஏற்றத்தில் நின்றதற்குக் காரணம் இதுதான்.

டிக்கியில் இருந்த கவரை எடுத்தேன். புதுக் கன்டென்சரின் வயரைப் பாயின்ட் தூணிலிருந்து கழற்றி ஒதுக்கினேன். பழைய கன்டென்சரை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மாட்ட ரோட்டோரத்தில் பொறுமையும் இல்லை, அவசியமும் இல்லை. அதன் உடம்பைக் காயில் கிளாம்ப் போல்டுக்கு அடியில் இறுக்கி எர்த் (வண்டியின் இரும்போடு இணைப்பு) கொடுத்து, அதன் வயரைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் சேர்த்தேன். வெளியே இருந்தாலும் வேலை அதே வேலைதான். வண்டி ஸ்டார்ட் ஆகி, மீதி ஏற்றத்தையும் ஏறி, வீடு வரை நிற்காமல் வந்தது.

மறுபடி மேஸ்திரியிடம் போனபோது அவர் மற்ற மூன்று சாமானையும் சோதித்த விதத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். முதலில் ரோட்டார். அதை ஷாஃப்டிலேயே விட்டுவிட்டு, காயில் வயரின் முனையை ரோட்டாரின் நடுப் பித்தளைக்கு மேலே சிறு இடைவெளி விட்டுப் பிடித்து, பாயின்டைத் திறக்கச் சொன்னார். ரோட்டார் நல்லதாக இருந்தால் அந்தப் பித்தளைக்குப் பொறி தாவக் கூடாது, ஏனென்றால் அங்கிருந்து எர்த்துக்கு வழியே இல்லை. எங்கள் புது ரோட்டாரில் டப் டப் என்று தாவியது. உள்ளே எங்கோ கசிந்து, பிளக்குக்குப் போகவேண்டிய கரண்டில் ஒரு பங்கு ஷாஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தது! பழைய ரோட்டாரை வைத்தோம், தாவவில்லை. பார்வைக்குப் புதுசுதான் பளபளப்பு.

கேப்பில் நடுவே இருக்கும் கார்பன் பிரஷ்ஷை விரலால் அழுத்தி, ஸ்பிரிங் தள்ளுகிறதா என்று பார்த்தார். அது ரோட்டாரைத் தொடவில்லை என்றால் ஒவ்வொரு பொறியும் இரண்டு இடைவெளியைத் தாண்ட வேண்டிவரும். எங்கள் கேப் தேறிவிட்டது.

பாயின்ட் மாட்டுவதில்தான் புதியவர்கள் அதிகம் திணறுவார்கள். தூணில் முதலில் இன்சுலேட்டர் வாஷர், அதன் மேல் பாயின்டின் ஸ்பிரிங் தகடு, பிறகு கன்டென்சர் வயரும் காயில் பக்க வயரும், கடைசியில் காலர் வைத்த இன்சுலேட்டர், நட்டு. இரண்டு வயரின் கண்ணும் காலரைச் சுற்றி உட்கார்ந்து ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், தூணைத் தொடவே கூடாது. ஒரு இழை தொட்டாலும் பாயின்ட் எப்போதும் மூடிய மாதிரிதான், வண்டி உயிரே காட்டாது. இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது 0.35 முதல் 0.40 மி.மீ. ஷாஃப்டில் இருக்கும் கேமின் முனை, பாயின்டில் அதன் மேல் உரசும் குதிகாலை முழுக்கத் தள்ளியிருக்கும்போது அளக்க வேண்டும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை எண்ணெய் இல்லாமல் துடைத்துவிட்டுத்தான் விட வேண்டும். புதுப் பாயின்டில் வரும் பாதுகாப்புப் படலத்தையும் பெட்ரோல் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். கேமில் துளி கிரீஸ், ரோட்டாருக்கு அடியில் ஷாஃப்ட் நடுவே ஓரிரு சொட்டு எண்ணெய். கிரீஸ் இல்லாமல் விட்டால் குதிகால் தேய்ந்து இடைவெளி குறைந்து டைமிங் (பொறி விழும் நேரம்) பின்தங்கும்.

இப்போது வண்டியில் ஓடுவது புதுப் பாயின்ட், புதுக் கேப், பழைய ரோட்டார், பழைய கன்டென்சர். புது கன்டென்சர் வாங்கினால் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிப் பார்த்த பிறகுதான் நம்புவேன். நான்கையும் ஒரே நாளில் மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். அப்போதுதான் எது கெட்டது என்று சுலபமாகக் கண்டுபிடிக்கலாம்.

கிருஷ்ணகிரி, பெட்ரோல் ஜீப்

அண்ணா, என் கதை பாயின்டில் ஆரம்பித்து லேத்தில் முடிந்தது. மகிந்திரா ஜீப், ஹரிக்கேன் எஞ்சின். பாயின்ட் இடைவெளி 0.020 அங்குலம் வைத்துவிட்டு அஞ்செட்டி மலைப்பாதையில் போனால் எஞ்சின் நொண்டும். திரும்பி வந்து அளந்தால் சரியாகவே இருக்கும். புதுப் பாயின்ட் மாட்டியும் மாற்றமில்லை.

ஒருநாள் சாயங்காலம் உட்கார்ந்து, ஹேண்டிலால் எஞ்சினைத் திருப்பி, கேமின் நான்கு முனையிலும் தனித்தனியாக அளந்தேன். ஒரு முனையில் சரியாக இருந்தது அதன் எதிர் முனையில் நன்றாகக் குறைந்திருந்தது. ரோட்டாரைக் கழற்றிவிட்டு ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் தளதளவென்று ஆடியது. ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. ஷாஃப்ட் இப்படி ஆடும்போது எத்தனை செட் பாயின்ட் மாட்டினாலும் இடைவெளி நிற்காது. ஓசூரில் ஒரு லேத் பட்டறையில் கன்மெட்டலில் புஷ் கடைந்து போட்டுக் கொடுத்தார்கள். அதே பாயின்ட், நான்கு முனையிலும் ஒரே அளவு. சாமான் வாங்குவதற்கு முன்னால் ஷாஃப்டை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிடுங்கள், காசே செலவில்லை.

காவேரிப்பட்டணம், அம்பாசிடர்

எங்கள் வீட்டு அம்பாசிடர் மாம்பழ சீசனில் மண்டிக்கும் தோட்டத்துக்கும் ஓடுகிற வண்டி, அதனால் நின்றால் நஷ்டம். ஸ்லோவில் நன்றாக இருக்கும், ஆக்சிலேட்டரை மிதித்தால் கட் ஆகும். ஒரு மெக்கானிக் காயில், கேப், ரோட்டார் எல்லாம் மாற்றினார், பணம்தான் போனது.

கடைசியில் கேப்பைத் திறந்து வைத்து, எஞ்சினின் உறிஞ்சலை டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொண்டுவரும் வேக்குவம் டியூபை நானே வாயால் உறிஞ்சிப் பார்த்தேன். பாயின்ட் உட்கார்ந்திருக்கும் பேஸ் பிளேட் நகர்ந்தது, அப்படியென்றால் அதை இழுக்கும் டயஃப்ரம் நன்றாக இருக்கிறது. ஆனால் பிளேட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்குப் போகும் சின்னப் பின்னல் வயர் ஒரு முனையில் அறுந்து, தொட்டும் தொடாமலும் இருந்தது. ஸ்லோவில் தொட்டுக்கொண்டிருந்தது, வேக்குவம் பிளேட்டை இழுத்ததும் விலகி எர்த் போனது! தலைமுடி போல மெல்லிய இழைகள் கொண்ட மென்மையான வயரை அங்கே சால்டர் வைத்தோம். விறைப்பான வயர் போட்டால் பிளேட் நகராது, சீக்கிரம் மறுபடி அறுந்தும் போகும். அந்த வயரைப் பற்றி அதுவரை ஒருவரும் எங்களிடம் சொன்னதில்லை.

பென்னாகரம், மாருதி 800

கார்பரேட்டர் வண்டி. மழை நாளில் ஒகேனக்கல் போகும் வழியில் உதறியது. இருட்டில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் கேப் மேல் நீலமாக ஒரு கோடு ஓடியது. துடைத்துப் பார்த்ததில் மயிரிழை விரிசல். புதுக் கேப் மாட்டும்போது வயரை எல்லாம் ஒன்றாக உருவாமல் ஒவ்வொன்றாக மாற்றினேன். மூன்று சிலிண்டர், எரியும் வரிசை 1-3-2. மாறிவிட்டால் ஸ்டார்டே ஆகாது.

தருமபுரி, அம்பாசிடர்

காவேரிப்பட்டணத்து அக்கா சொன்ன பின்னல் வயரை எங்கள் வண்டியில் உடனே போய்ப் பார்த்தேன், நல்லபடியாக இருக்கிறது. ரொம்ப நன்றி.

பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறலாமே என்று கேட்டவருக்கு: தினமும் நெடுந்தூரம் ஓட்டுபவர் மாற்றிக்கொள்ளலாம், பாயின்ட் தேய்வது என்ற பேச்சே இருக்காது. நான் பாயின்டிலேயே இருக்கப் போகிறேன். தொப்பூரில் ஒரு குச்சியும் பழைய கன்டென்சரும் வைத்து என்னால் வண்டியைக் கிளப்ப முடிந்தது.

பாயின்ட் மாற்றிய பிறகு டைமிங் எப்படி வைப்பது என்ற கேள்விக்கு, ஒரு 12 வோல்ட் பல்பு போதும். முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் வரும்படி எஞ்சினைத் திருப்பி, புல்லி மார்க்கை உங்கள் வண்டிப் புத்தகத்தில் சொன்ன இடத்துக்குக் கொண்டு வாருங்கள். பல்பின் ஒரு வயர் டிஸ்ட்ரிபியூட்டர் முனையில், மற்றது எர்த்தில். இக்னிஷன் ஆன். கிளாம்ப் போல்டைத் தளர்த்தி உடம்பை மெதுவாகத் திருப்பினால், பாயின்ட் திறக்கிற இடத்தில் பல்பு எரியும். இந்த எஞ்சினில் ரோட்டார் மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது, எனவே உடம்பை வலஞ்சுழியாகத் திருப்பினால் அட்வான்ஸ், அதாவது பொறி முன்கூட்டியே விழும். பல்பு எரிந்த இடத்தில் போல்டை இறுக்குங்கள். இறுக்கும்போதே உடம்பு கொஞ்சம் நகர்ந்துவிடும், அதனால் எஞ்சினை இன்னும் ஒரு சுற்று வரவைத்து, பல்பு அதே மார்க்கில் எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கேப்பை மூடுங்கள்.