நிலநடுக்கம் வந்த நாட்டுக்காரர்களுக்கு அமெரிக்காவில் டிபிஎஸ் (TPS, தற்காலிகமாகத் தங்கி வேலை செய்யத் தரும் பாதுகாப்பு) தானாகக் கிடைக்குமா?

கேள்வி (கொங்கன்):
2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு நேபாளிகளுக்கு டிபிஎஸ் கொடுத்தார்கள். பேரிடர் வந்த எந்த நாட்டுக்காரரையும் திருப்பி அனுப்ப மாட்டார்களா? சுனாமிக்குப் பிறகு இலங்கைக்கு ஏன் இல்லை? விண்ணப்பத்துக்கு என்னென்ன வேண்டும்?

வடகரை:
தானாக எதுவும் கிடைக்காது. 1990 சட்டப்படி உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் அந்த நாட்டை டிபிஎஸ்ஸுக்கு உரியதாக அறிவிக்க வேண்டும். ஒரு தடவைக்கு 6 முதல் 18 மாதம். இயற்கைப் பேரிடர் பிரிவு என்றால் அந்த நாட்டு அரசே முறைப்படி கேட்டிருக்கவும் வேண்டும். பலர் கோட்டைவிடுவது இதைத்தான். 2010-இல் ஹெய்ட்டிக்குக் கொடுத்தது ‘அசாதாரண, தற்காலிகச் சூழல்’ என்ற வேறு பிரிவில். அதற்கு அந்தக் கோரிக்கை தேவையில்லை. 2004 சுனாமிக்குப் பின் இலங்கை, மாலத்தீவுக்காரர்களைத் திருப்பி அனுப்புவதைச் சில மாதம் நிறுத்திவைத்தார்கள், அவ்வளவுதான். டிபிஎஸ் அறிவிக்கவே இல்லை.

செம்மண்:
தேதிதான் எல்லாம். நேபாளிகளுக்கு 24.06.2015 முதல் தொடர்ந்து அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும். மறுவாரம் வந்து இறங்கியவருக்கு இல்லை. பிறகு எத்தனை முறை நீட்டித்தாலும் அந்தத் தேதி நகராது. மறு அறிவிப்பு (அந்த நாட்டைப் புதிதாக மீண்டும் அறிவிப்பது) வந்தால்தான் நகரும்: ஹெய்ட்டிக்கு 2011-இல் அப்படித்தான் 12.01.2010 என்பது 12.01.2011 ஆனது.

படிவம் ஐ-821, வேலை அனுமதிக்கு ஐ-765. பாஸ்போர்ட் அல்லது பிறப்புச் சான்றிதழ், நுழைந்த தேதிக்கு ஐ-94 (வருகைப் பதிவு), தொடர்ந்து இருந்ததற்கு வாடகை ரசீது, சம்பளச் சீட்டு, பள்ளி அல்லது மருத்துவமனைப் பதிவு. மாதக்கணக்கில் இடைவெளி விழுந்தால் கேள்வி வரும். ஆங்கிலத்தில் இல்லாத ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பும், முழுமையானது, சரியானது என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும், நோட்டரி தேவையில்லை. வீடு மாறினால் 10 நாளுக்குள் தெரிவியுங்கள். கைரேகை அழைப்புக் கடிதம் பழைய முகவரிக்குப் போய், ஆள் வரவில்லை என்று மனுவையே மூடிவிடுவார்கள். கட்டணம் 2025-இல் மாறியது, அனுப்பும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெருங்குற்றமோ இரண்டு சிறு குற்றமோ நிரூபணமாகியிருந்தால் தகுதி போய்விடும். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதும் பல மாநிலங்களில் கணக்கில் வரும்.

கொங்கன்:
நன்றி. டிபிஎஸ்ஸை ரத்து செய்துவிட்டால்?

வடகரை:
அதற்கு முன் என்ன நிலையில் இருந்தாரோ அதே நிலைதான். விசா காலாவதியாகியிருந்தால் நாடுகடத்தும் பட்டியலுக்குள் வந்துவிடுவார். பழைய வெளியேற்ற உத்தரவு இருந்தால் அதற்கும் உயிர் வரும். நேபாளத்துக்கு 2018-லும் 2025-லும் நிறுத்துவதாக அறிவித்து இரண்டும் நீதிமன்றம் போயின.

அரசியல், மதம், இனம் போன்ற காரணத்தால் ஊரில் ஆபத்து உள்ளவர் டிபிஎஸ் இருக்கும்போதே புகலிட மனு போடுவது நல்லது. வந்து ஓராண்டுக்குள் போட வேண்டும் என்ற விதிக்கு டிபிஎஸ் காலம் விலக்குக் காரணமாக ஏற்கப்படும். முடிந்தபின் நாள் கடத்தினால் அந்த விலக்கும் கைவிட்டுப் போகும். வீடு இடிந்தது மட்டும் புகலிடத்துக்குப் போதாது. மனுவை எழுதுமுன் குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டுங்கள், வழக்கறிஞராக இல்லாமல் ‘நோட்டாரியோ’ என்று பலகை மாட்டியவரிடம் அல்ல.