'சோலோ என்டார்ஸ்மெண்ட்': அனுமதியா, ஒப்புதலா, ஒப்பமா?

அன்பின் குழுமத்தார்க்கு,

வணக்கம். அமெரிக்க விமானப் பயிற்சி விதிகளில் வரும் 'சோலோ என்டார்ஸ்மெண்ட்', அதாவது மாணவர் தனியே விமானம் ஓட்டலாம் என்று பயிற்றுநர் எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் பதிவு, என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு இந்த இழையைத் தொடங்கியவன் நான்தான். 'தனிப்பறப்பு அனுமதி', 'தனிப்பறப்பு ஒப்புதல்', 'தனிப்பறப்பு மேலொப்பம்', 'தனிப்பறப்புப் புறக்குறிப்பு' என நான்கு பரிந்துரைகள் இதுவரை வந்துள்ளன. அனைவருக்கும் நன்றி. அவற்றை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்ததில் எனக்குத் தோன்றியதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் 'தனிப்பறப்பு'. இதில் எவருக்கும் மறுப்பிராது என்று எண்ணியிருந்தேன். ஆனால் 'தனி விமானத்தில் அமைச்சர் வந்து இறங்கினார்' என்று நாளிதழில் படிக்கும்போது நம் மனத்தில் எழுவது வாடகைக்கு அமர்த்திய விமானமே என்று புலவர் ஐயா எழுப்பிய ஐயம் நியாயமானது. விதித்தொகுப்பின் 61.87ஆம் பிரிவு இதற்குத் தரும் வரையறை மிகச் சுருக்கமானது: வானூர்தியில் மாணவரைத் தவிர வேறொருவரும் இல்லாமல் பறக்கும் நேரமே சோலோ. பயிற்றுநர் அருகில் அமர்ந்து கையைக் கட்டிக்கொண்டு வாய் திறவாமல் வந்தாலும் அது சோலோ ஆகாது. 'தனி' என்பது விமானத்துக்கு அடையாகாமல் பறத்தலுக்கு அடையாகி நிற்பதால் 'தனிப்பறப்பு' பிழைத்துக்கொள்ளும் என்பது என் கருத்து. இதற்கு இணையாகப் பயிற்றுநரோடு பறப்பதை 'உடன்பறப்பு' என்று எழுதிவந்தேன். அதைத் தட்டச்சு செய்த நண்பர் இரண்டு இடங்களில் 'உடன்பிறப்பு' என்று அடித்து அனுப்பினார். மேடைப்பேச்சு கேட்டு வளர்ந்த விரல்கள் அப்படித்தான் போகும். அதனால் 'இணைப்பறப்பு' என்று மாற்றிவிட்டேன்.

சிறு வானூர்திகளை ஓட்ட அந்நாட்டில் தரும் 'ஸ்போர்ட் பைலட்' என்னும் சான்றிதழின் பெயரை மொழிபெயர்க்க வேண்டாம் என்றே நினைக்கிறேன். 'விளையாட்டு விமானி' என்றால் விளையாட்டாக ஓட்டுகிறவர் என்றாகிவிடும். 'பொழுதுபோக்கு விமானி' என்பது அந்நாட்டு விதிகளில் உள்ள ரெக்ரியேஷனல் பைலட் என்னும் வேறொரு சான்றிதழுக்கு உரியது. 'இலகு விமானி' எனக்குப் பிடித்திருந்தது. 2004இல் இச்சான்றிதழ் தோன்றியபோது தரையில் இறங்கும் வானூர்திகளில் 600 கிலோ எடைக்கு உட்பட்டவற்றையே அது ஏற்றது என்பதால் அப்பெயர் அப்போது பொருந்தியிருக்கும். 2025இல் வந்த 'மொசைக்' என்னும் விதித் திருத்தமோ எடை வரம்பை நீக்கி, வானூர்தி தன் தூக்குவிசையை இழக்கும் வேகத்தை அளவுகோலாக்கி, நான்கு இருக்கை உள்ளவற்றையும் (பயணி மட்டும் ஒருவரே) ஓட்ட வழிசெய்துவிட்டது. இனி அவர் இலகுவும் அல்லர். சான்றிதழின் பெயராகவே 'ஸ்போர்ட் பைலட்' இருந்துவிட்டுப் போகட்டும்.

இனிச் சிக்கலான பிற்பகுதிக்கு வருகிறேன். என் அக்கா மகள் அங்கே ஒரு சிறு புல்தரை விமானத்தளத்தில் பழைய பைப்பர் கப் வானூர்தியில் பயில்கிறாள். முன்னும் பின்னுமாக இரண்டே இருக்கைகள். பயிலும்போது பயிற்றுநர் முன்னிருக்கையில், இவள் பின்னிருக்கையில். தனியாகப் பறக்கும்போதும் பின்னிருக்கையிலிருந்தே ஓட்ட வேண்டும். எடைச் சமநிலை அப்படி அமைந்துள்ளது. இத்தனை நாள் பார்வையை மறைத்துக்கொண்டிருந்த முதுகு திடீரென்று இல்லாமல் போவதுதான் முதல் தனிப்பறப்பு என்று அவள் சொன்னாள். அந்த முதுகு இறங்கிக்கொள்வதற்குமுன் அவளுடைய பறப்புப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்ட பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். அதில் மூன்று பதிவுகள் உள்ளன. விதிகள், அந்தத் தளத்தின் வான்வெளி, அந்த வானூர்தியின் இயல்பும் வரம்பும் ஆகியவற்றில் பயிற்றுநர் வைத்த எழுத்துத் தேர்வில் தேறினாள் என்றும், தவறான விடைகளை அவளுடன் அமர்ந்து அலசினார் என்றும் முதற்பதிவு சொல்கிறது. பறப்பதற்குமுன் தரவேண்டிய பயிற்சி முழுவதையும் தந்ததாக இரண்டாவது. மூன்றாவதே நாம் பெயர் தேடும் பொருள். அதன் வாசகத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: 'இன்னார் தனிப்பறப்புக்குத் தேவையான பயிற்சியைப் பெற்றுள்ளார் எனச் சான்றளிக்கிறேன், அவர் 61.87(என்) உட்பிரிவின் தேவைகளை நிறைவு செய்கிறார் என்றும், இன்ன தயாரிப்பு, இன்ன மாதிரி வானூர்தியில் தனியே பறக்கும் தேர்ச்சி உடையவர் என்றும் தீர்மானித்துள்ளேன்.' அதன்கீழே பயிற்றுநர் தம் கையால் மேலும் மூன்று வரி சேர்த்திருக்கிறார்: காற்று 8 நாட் (மணிக்கு 8 கடல்மைல்) வேகத்துக்கு மேல் கூடாது, குறுக்குக் காற்று 4 நாட்டுக்கு மேல் கூடாது, ஓடுபாதையை ஒட்டி வானில் சுற்றிவரும் வழியைவிட்டு வெளியே போகக் கூடாது.

அந்தக் கடைசி மூன்று வரியை யாரும் அறிவுரை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பதிவேட்டில் பயிற்றுநர் விதித்த வரம்பை மீறி மாணவர் பறக்கக் கூடாது என்று 61.89ஆம் பிரிவே சொல்வதால், ஒரு தனிமனிதர் பேனாவால் எழுதியது அந்த மாணவருக்குச் சட்டமாகிவிடுகிறது. வேறு மாதிரி வானூர்திக்கு இப்பதிவு செல்லாது. பறக்கும் நாளுக்கு முந்தைய 90 நாளுக்குள் பயிற்சி தந்த பயிற்றுநரின் பதிவே செல்லும் என்பதால், அதற்குப்பின் மீண்டும் பயிற்சி, மீண்டும் பதிவு. இன்னார்க்கு இன்ன நாளில் இதை எழுதித் தந்தேன் என்ற குறிப்பைப் பயிற்றுநர் மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். ஸ்போர்ட் பைலட் ஆவதற்கு வேண்டிய குறைந்த அளவு 20 மணி நேரப் பறப்பில் 15 மணி இணைப்பறப்பும் 5 மணி தனிப்பறப்பும் அடக்கம். அந்த 5 மணிக்கும் இந்தப் பதிவே திறவுகோல்.

இந்தப் பின்னணியில் நான்கு சொற்களையும் பாருங்கள். 'அனுமதி' என்ற சொல்லைக் கட்டுப்பாட்டுக் கோபுரம் முன்பே எடுத்துக்கொண்டது. இறங்க அனுமதி, ஏற அனுமதி என்று வானொலியில் பெறுவது அது. கோபுரமுள்ள தளத்தில் பறக்கும் மாணவருக்கு, பயிற்றுநர் எழுதியதும் வேண்டும், கோபுரம் சொல்வதும் வேண்டும். இரண்டும் அனுமதியென்றால் ஒரே வாக்கியத்தில் குழப்பம். 'ஒப்புதல்' என்றால் மேலிடம் கோப்பில் தருவது என்ற எண்ணம் வந்துவிடும். இங்கே விமானப் போக்குவரத்து நிருவாகத்தின் அலுவலர் எவரும் மாணவரைப் பார்ப்பதில்லை. தீர்ப்பு முழுவதும் பயிற்றுநருடையது, பொறுப்பும் அவருடையது. 'மேலொப்பம்' நம் அலுவலகங்களில் வழங்கும் நல்ல சொல்தான். ஆனால் ஒருவர் கையெழுத்திட்டதன்மேல் மற்றொருவர் இடுவது மேலொப்பம். இங்கே கீழே வேறு கையெழுத்து ஏதுமில்லை.

'புறக்குறிப்பு' சொல்வரலாற்றுப்படி மிகப் பொருத்தமானது என்பதை மறுக்கமாட்டேன். மூலச்சொல்லே முதுகில் எழுதுதல் என்ற பொருளுடையது. மாணவச் சான்றிதழ் தாளாக இருந்த காலத்தில் பயிற்றுநர் அதன் பின்புறத்தில் உண்மையாகவே எழுதிக் கையெழுத்திட்டார். 2016 ஏப்ரல் முதல் அது நெகிழி அட்டையாகிவிட்டது; அதில் எழுத இடமில்லை, தனிப்பறப்புப் பதிவு முழுவதும் பதிவேட்டுக்குப் போய்விட்டது. இப்போது முதுகில் எழுதுவது ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது: முதல் தனிப்பறப்பு முடிந்ததும் மாணவரின் சட்டைப் பின்பகுதியைக் கத்தரித்து, அதில் நாளையும் வானூர்தியின் எண்ணையும் எழுதிச் சுவரில் மாட்டும் அந்நாட்டு வழக்கம். அதற்கு வேண்டுமானால் புறக்குறிப்பு என்று பெயர் வைக்கலாம்.

என் பரிந்துரை 'தகவொப்பம்'. தகவு என்றால் தகுதி. ஒருவரின் தகவைக் கண்டறிந்து இடும் ஒப்பம். 'தனிப்பறப்புத் தகவொப்பம்' என்று கூட்டிச் சொல்லலாம். குழுமத்தார் கருத்துரைக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்

மறுமொழி

அன்புள்ள ஐயா,

வணக்கம். தங்கள் விளக்கத்துக்கு நன்றி. அனுமதி, ஒப்புதல் இரண்டையும் தள்ளியது சரி. ஆயினும் தகவொப்பத்தை ஏற்க என்னால் இயலவில்லை. நேற்று என் மாணவியரிடம் தொலைபேசியில் இச்சொல்லைச் சொல்லி எழுதச் சொன்னேன். மூவரில் இருவர் 'தகவல் ஒப்பம்' என்று எழுதினர். அருஞ்சொல்லை விரும்புகிறவள்தான் நான். ஆனால் காதில் விழும்போதே வேறொன்றாக மாறும் சொல் பயிற்சிக்களத்துக்கு ஆகாது. 'தகுதியொப்பம்' என்று வெளிப்படையாகவே சொல்லிவிடலாமே? மேலும் ஒரு வினா. என்டார்ஸ்மெண்ட் என்பது தனிப்பறப்புக்கு மட்டும்தானா? வேறு வகைகளும் இருந்தால் அவை எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தபின் முடிவு செய்வது நல்லது.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியை

மறுமொழி

அன்புள்ள அம்மா,

தகவல் ஒப்பம் என்று எழுதிய இரு மாணவியர்க்கும் என் வணக்கத்தைத் தெரிவியுங்கள். தகவொப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தங்கள் வினாவைப் பிடித்துக்கொண்டு விதிகளை மறுபடி படித்ததில் தகுதியொப்பமும் நிற்காது என்று தெரிகிறது.

ஸ்போர்ட் பைலட் மாணவர் கோபுரமுள்ள பி, சி, டி வகுப்பு வான்வெளிக்குள் தனியே செல்லத் தனிப் பயிற்சியும் தனிப் பதிவும் வேண்டும். அதுவரை தகுதி என்ற சொல் பொருந்துகிறது. புறப்பட்ட தளத்திலிருந்து 25 கடல்மைலுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 46 கிலோமீட்டருக்கு மேல், தனியே செல்லும் நெடும்பறப்புக்கு வரும்போதுதான் சிக்கல். அதற்குப் பயிற்சி பெற்றதற்கான பதிவு ஒருபுறமிருக்க, ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியே ஒரு பதிவு கேட்கிறார்கள். மாணவர் வரைந்த வழியையும் எரிபொருட் கணக்கையும் அன்றைய வானிலையையும் பயிற்றுநர் பார்த்து, 'இந்தத் திட்டம் சரியானது, இன்று இந்நிலைமையில் இவர் இதைச் செய்யலாம்' என்று எழுதுவது அது. அங்கே பேசப்படுவது பெரும்பாலும் அன்றைய திட்டம். அதே மாணவர், அதே தேர்ச்சி, மறுநாள் மேகம் தாழ்ந்திருந்தால் பதிவு கிடைக்காது. அதனால் அவர் தகுதியிழந்தார் என்று சொல்வோமா?

ஆகவே ஒப்பம் என்ற தலைச்சொல்லுக்கு எந்த அடையும் வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துள்ளேன். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் பயிற்றுநர் பதிவேட்டின் வரியில் கையெழுத்திடுவார்; அதுவும் ஒப்பம்தானே என்று எவரேனும் கேட்கக்கூடும். நமக்கு இரண்டு சொற்கள் இருப்பதை இங்கே பயன்படுத்திக்கொள்ளலாம். பாடம் நடந்ததற்கு இடுவது கையெழுத்து. தம் தீர்மானத்தை வாசகமாக எழுதி, அதற்குத் தம்மைப் பொறுப்பாக்கிக்கொண்டு இடுவது ஒப்பம். அரசாணை நகல்களில் மூலத்தில் கையெழுத்து இருந்த இடத்தில் 'ஒப்பம்' என்று அச்சிடுவதைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு, அச்சொல்லில் ஏற்கெனவே ஓர் அலுவல் கனம் இருக்கிறது. தனிப்பறப்பு ஒப்பம், வான்வெளி ஒப்பம், நெடும்பறப்பு ஒப்பம், பயணத் திட்ட ஒப்பம் என நான்கும் இயல்பாக வருகின்றன. 'ஒப்பமிட்டார்', 'ஒப்பம் காலாவதியாகிவிட்டது', 'ஒப்பம் இல்லாமல் பறந்தாள்' என வினையோடும் தடையின்றிச் சேர்கின்றன. புணர்த்தி எழுதினால் 'தனிப்பறப்பொப்பம்' என நாக்கு இடறுகிறது, பிரித்தே எழுதுவோம்.

நம் கலைச்சொல் தொகுப்பில் சேர்க்கவிருக்கும் பதிவு இது. திருத்தமிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

தனிப்பறப்பு ஒப்பம்: குறிப்பிட்ட தயாரிப்பும் மாதிரியுமான வானூர்தியில் மாணவ விமானி வேறெவரும் உடனின்றிப் பறக்கும் தேர்ச்சி உடையவர் என்று, 90 நாளுக்குள் அவருக்குப் பயிற்சி தந்த பயிற்றுநர், வேண்டிய வரம்புகளையும் சேர்த்து, அவரது பறப்புப் பதிவேட்டில் எழுதி இடும் ஒப்பம்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்