புதுப்பிப்பு: டூமைக் கூட்டாக ஆட வழி கிடைத்தது

தம்பியும் நானும் வேறு வேறு ஊரில் இருந்துகொண்டே 1993-ன் டூம் என்ற சுடும் கணினி விளையாட்டைச் சேர்ந்து ஆட முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிகிறது. பழைய டூமில் எல்லாக் கணினிகளும் ஒன்றுக்கொன்று காத்திருக்கும். ஒருவரின் இணையம் இழுத்தால் எல்லோருக்கும் இழுக்கும். நீங்கள் சொன்ன சாண்ட்ரோனம் (டூமை இணையத்தில் சேர்ந்து ஆட உதவும் மென்பொருள்) சர்வர் முறையில், அதாவது எல்லோரும் ஒரு பொதுக் கணினியோடு மட்டும் இணையும்படி ஓடுவதால் அந்தத் தலைவலி இல்லை. ரூட்டரில் அதற்கான இணைய வழியான 10666 யுடிபி போர்ட்டைத் திறந்து, இருவரும் ஒரே வாட் கோப்பை (கட்டங்கள் அடங்கிய டூம் கோப்பு) வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

ஆட எடுத்தது 2003-ல் எரிக் ஆல்ம் வெளியிட்ட ஸைத் என்ற கட்டத் தொகுப்பு. அதற்கு டூம் 2 வேண்டும். மொத்தம் 32 கட்டங்கள். ஆரம்பக் கட்டங்கள் குட்டி குட்டியாக ஓடிவிடும். பின்பாதி கொலைவெறி.

எனக்குப் பிடித்தது கதவு திறக்கும் சாவி விஷயம்தான். ஒருவர் எடுத்தாலும் அடுத்தவருக்காக அது அங்கேயே கிடக்கும். ஆனால் செத்தால் பழைய விதிப்படி சாவி, துப்பாக்கி எல்லாம் போய், வெறும் பிஸ்டலோடு தொடக்கத்திலிருந்து ஓடிவர வேண்டும். செட்டிங்கில் மாற்றலாம், தம்பி விடவில்லை. அதிகம் சாவதும் அவன்தான். “எங்கடா இருக்க?” என்று கத்திக்கொண்டே பாதி ஆட்டம் போகிறது.

ப்ரூட்டல் டூம் (சண்டையை இன்னும் கொடூரமாக்கும் ரசிகர் மாற்றம்) போடச் சொன்னவர்களுக்கு: அது அப்புறம். முதலில் இதை முடிக்கிறோம்.