வவுனிக்குளத்தில கார்ப்புக்கு என்ன இரை?

கேள்வி: வவுனிக்குளத்தில கார்ப் மீன் பிடிக்க, பக்கத்துக் குளத்துக் குஞ்சுமீனை உயிரோட வாளியில கொண்டுபோய்த் தூண்டில்ல இரையாக் கொழுவலாமோ?

பதில்: வேண்டாம் தம்பி. குஞ்சில என்ன இனமெண்டு பிரிக்கிறது கஷ்டம். தப்பினது அங்கயே பெருகும். வெளியிலயிருந்து வந்த கார்ப்பையே பாருங்கோ, அடிச்சேற்றைக் கிண்டித் தின்னும். தண்ணி கலங்கினா வெளிச்சம் இறங்காது, பாசி பூண்டு அழியும். திலாப்பியா மீனும் 1952இல இலங்கைக்கு வெளியிலயிருந்து வந்ததுதான்!

அதுக்குப் பதிலா இரைக்குக் கோதுமை மா 2 பங்கு, தவிடு 1 பங்கு எடுங்கோ. தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சுப் பிசைஞ்சு, சுண்டங்காயளவு உருண்டையாக் கொழுவுங்கோ. இளகினா அடியில போகமுன்னமே கரைஞ்சிடும். ஈயக்குண்டு கட்டி அடியில கிடத்துங்கோ. வாயோரம் இரண்டு சோடி மீசை இருந்தா கார்ப்.

இன்னொரு பதில்: மண்புழுவும் பிடிக்கும். வாளித் தண்ணியைக் குளத்துக்க ஊத்தாதேங்கோ, காய்ஞ்ச தரையில ஊத்துங்கோ. முதல்ல மீனவர் சங்கத்திட்டக் கேளுங்கோ அண்ணை.