வேலைக்குப் போகிறவர்கள் பிளஸ் டூ முடிக்க: எந்த ஐந்து பாடம்?

வணக்கம். பகலில் வேலை பார்த்துக்கொண்டே என்.ஐ.ஓ.எஸ். (தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம்) மூலம் பிளஸ் டூ எழுத நினைக்கும் பெரியவர்கள் சிலருக்குப் பாடம் தேர்ந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. இங்கே அனுபவமுள்ளவர்களின் யோசனை வேண்டும்.

ஒரு மொழியாவது உட்பட 5 பாடங்களில் தேறினால் சான்றிதழ். பதிவு 5 ஆண்டு செல்லும், வருடத்துக்கு இரண்டு பொதுத்தேர்வு. ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டாம். இரண்டிரண்டாக முடிப்பதுதான் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோது. வயதுக்கு உச்சவரம்பு இல்லை.

சிக்கல் செய்முறைப் பாடங்களில்தான். எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியே 33 சதவீதம் எடுக்க வேண்டும். ஷிஃப்ட்டில் இருப்பவருக்குச் செய்முறை நாளில் லீவு கிடைக்காவிட்டால் பாடமே நின்றுவிடும். அதனால் வரலாறு, பொருளாதாரம், வணிகக் கல்வி, சமூகவியல் என்று போகலாமென்று நினைக்கிறோம். (பி.எஸ்சி. நர்சிங் கனவு இருப்பவர்களுக்கு இது ஒத்துவராது, அவர்களுக்கு அறிவியல் தவிர வழியில்லை.)

பலர் கோட்டைவிடுவது டி.எம்.ஏ. (வீட்டில் எழுதிக் கொடுத்து ஆசிரியர் திருத்தும் பயிற்சித்தாள்) ஒப்படைப்பில். எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதற்கு. பழைய போர்டில் தேறிய பாடம் இருந்தால் இரண்டு பாடங்கள் வரை அந்த மதிப்பெண்ணை இங்கே கொண்டுவரலாம், ஆனால் சேர்க்கையின்போதே கேட்க வேண்டும்.

இப்போது கேள்வி: வாரம் ஆறு மணி நேரம் மட்டுமே படிக்க முடிகிறவர் கணக்குப்பதிவியலைத் தொடலாமா? தமிழில் எழுதுபவர்களுக்கு இவற்றில் எதற்குப் பாடநூல் தெளிவாக இருக்கிறது? முதல் தேர்வுக்கு எந்த இரண்டை வைப்பது நல்லது?