பாட்டு கேட்க வருகிறவர் கையில் கிளாஸ்: உங்களுக்கு என்ன நடந்தது?

சென்னை, ஈசிஆர் பக்கம்

டிஜே நண்பர்களே, முகூர்த்த சீசன் தொடங்குவதற்குள் நம் கருவிகள் மேல் கிளாஸ் கொட்டுகிற பிரச்சினையைப் பேசிவிடலாம். எனக்கு வருவதில் பெரும்பாலும் ரிசார்ட் பார்ட்டிகள்தான். ரிசப்ஷன் முடிந்து பெரியவர்கள் கிளம்பிய பிறகு மாப்பிள்ளையின் நண்பர்களுக்காக நடக்குமே, அந்த வகை. சமீபத்தில் ஒன்றில் ஒரு நண்பர் இடது கையில் விஸ்கியும் கோலாவும், வலது கையில் போனுமாக வந்தார். "ப்ரோ, இதைப் போடுங்க" என்று போன் திரையை என் கண்ணுக்கு நேராக நீட்டினார். ஒரு கை முன்னால் வந்தால் இன்னொரு கை சாயத்தானே செய்யும்! பாதி கிளாஸ், பாட்டுகளைக் கலக்கும் மிக்சரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் இரண்டாவது சேனல் ஃபேடர் மேல் போய்விட்டது.

ஆம்ப்பை மியூட் செய்து, மிக்சரின் பவர் வயரை உருவி, ஸ்டாண்டில் தயாராக வைத்திருக்கும் சின்ன அனலாக் மிக்சரில் போனைச் செருகி பாட்டை ஓட்டினேன். கூட்டத்துக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அந்த நண்பர் மட்டும் தான் கேட்ட பாட்டு எப்போது வரும் என்று மறுபடி வந்து கேட்டார்.

நான் கவனித்தவரை, ஆடுகிறவர்களால் நமக்கு ஆபத்து குறைவு. கிளாஸை எங்காவது வைத்துவிட்டுத்தான் ஆடப் போகிறார்கள். பாட்டு கேட்க வருகிறவர்தான் அதைக் கையிலேயே கொண்டுவருகிறார். சண்டை போடாமல் இவர்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மதுரை

தம்பி, உங்களுக்காவது விஸ்கி. எங்கள் பக்கம் மண்டபத்துக்குள் சரக்கு கிடையாது. 2023 ஏப்ரலில் கல்யாண மண்டபங்களிலும் சிறப்பு உரிமம் வாங்கி மது பரிமாறலாம் என்று அரசு அறிவித்ததும், எதிர்ப்பு கிளம்பியதும் மண்டபங்களை மட்டும் அதிலிருந்து எடுத்துவிட்டதும் நினைவிருக்கும். ஆக, குடிக்கிறவர்கள் பார்க்கிங்கில் காருக்குப் பக்கத்தில் நின்று குடிக்கிறார்கள். உள்ளே கொண்டுவந்தாலும் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கலந்து, மூடியை இறுக்கிக் கொண்டுவருகிறார்கள். அந்த மூடி நமக்குச் செய்யும் உதவி பெரிது.

எங்களுக்கு எதிரி ஜிகர்தண்டா. ரிசப்ஷனில் தனி கவுன்டர் போட்டுக் கொடுக்கிறார்கள். சின்னப் பையன்கள் பேப்பர் கப்பில் வாங்கிக்கொண்டு லைட் பார்க்க நேராக நம்மிடம் வந்துவிடுகிறார்கள். லேப்டாப்பில் பாட்டை இயக்கும் எங்கள் கன்ட்ரோலரின் ஜாக் வீலில், அதாவது கையால் சுழற்றும் வட்டத் தட்டில், ஒருமுறை ஊற்றியது அப்படி வந்த ஒரு கப்தான். பால், சர்பத், பாதாம் பிசின், ஐஸ்கிரீம் எல்லாம் உள்ளே போனது. மேலே துடைத்து நிகழ்ச்சியை முடித்தோம். இரண்டு நாள் கழித்து பெட்டியைத் திறந்தபோது வந்த வாடையில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

இப்போது கவுன்டர் எங்கே போடுகிறார்கள் என்று கேட்டரிங்காரரிடம் மதியமே பேசிவிடுகிறேன். ஜூஸ் கவுன்டர் மேடைக்கு எதிர்ப்பக்கம் போனாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. அப்புறம் அந்த பெடஸ்டல் ஃபேன்! நம் மேசையில் யாராவது காலி கப் வைத்துவிட்டுப் போனால், ஃபேன் திரும்பும்போது அது பறந்து, அடியில் மிச்சமிருந்ததும் சேர்ந்து தெளிக்கிறது.

புதுச்சேரி

கிளாஸ் வைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டிப் பார்த்தேன். அந்த அட்டைக்கு முன்னாலேயே வைத்தார்கள். ஹால்காரர் தரும் சாப்பாட்டு மேசை இரண்டரை அடி உயரம். வெள்ளைத் துணி வேறு விரித்திருக்கும். பார்க்கிறவருக்கு அது பார் கவுன்டர் மாதிரிதானே தெரியும்?

அதனால் முன்பக்கத் தட்டி ஒன்று செய்துகொண்டேன். ஏறக்குறைய மூன்றரை அடி உயர ஃபிரேம், மேலே லைக்ரா துணி. மேல் விளிம்பைச் சரிவாக வெட்டியிருக்கிறது. சரிவான இடத்தில் கிளாஸ் நிற்காது, யாருக்கும் சொல்லவே வேண்டாம். முக்கியமானது இன்னொன்று: என் மேசையிலிருந்து நாலைந்து அடி தள்ளி, வருகிற வழியிலேயே, ஒரு உயர மேசை போடச் சொல்கிறேன். கையில் இருப்பதை வைக்க ஓர் இடம் கொடுத்தால் வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். பாட்டு கேட்பதற்கு ஒரு வாட்ஸ்அப் க்யூஆர் கோடை அந்த மேசையிலேயே ஒட்டியிருக்கிறேன். இளைஞர்கள் அதில் அனுப்பிவிடுகிறார்கள். பெரியவர்கள் எப்படியும் நேரில்தான் வருவார்கள். அவர்களுக்காக என் உதவியாளர் மேசைக்கு வெளியே நிற்பார். வருகிறவரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பேச்சோடு பேச்சாகப் பக்கவாட்டுக்கு அழைத்துப் போவதுதான் அவர் வேலை.

கருவிக்கு மேல் போடும் கெட்டி பிளாஸ்டிக் (பாலிகார்பனேட்) மூடி, டெக்சேவர் மாதிரி, வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் செட் போடும்போதும் சாப்பாட்டு இடைவேளையிலும்தான் அது உதவும். வாசிக்கும்போது அதைக் கழற்றித்தானே ஆக வேண்டும்? ஊற்றுவதும் அப்போதுதான். லேப்டாப் கீபோர்டுக்கு சிலிகான் உறை போடலாம். சில மாடல்களில் அது சூட்டை வெளியே விடாது, நடு ராத்திரியில் ஃபேன் கத்த ஆரம்பிக்கும். பார்த்துப் போடுங்கள்.

கோயம்புத்தூர், சர்வீஸ்

என் மேசைக்கு வருவதெல்லாம் ஊற்றி முடிந்தவைதான், அதனால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். சுத்தமான தண்ணீர் என்றால் பிழைக்க வாய்ப்பு அதிகம். கோலாவில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை, அதோடு பாஸ்பாரிக் அமிலமும் இருக்கிறது. காய்ந்ததும் சர்க்கரை ஃபேடரின் கார்பன் தடத்தில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். ஈரம் இருக்கும்போதே கரன்ட் ஓடினால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் உள்ள செம்பு அரிக்க ஆரம்பித்து, சில வாரத்தில் பச்சை பிடிக்கும். 'அன்றைக்கு நன்றாகத்தான் ஓடியது சார்' என்று எல்லோரும் சொல்வார்கள். ஓடும், அன்றைக்கு மட்டும் ஓடும்.

ஊற்றியதும் பவரை எடுங்கள். யூஎஸ்பியில் பவர் எடுக்கும் கன்ட்ரோலர் என்றால் அடாப்டரைத் தேடி நேரம் போக்காமல் அந்த யூஎஸ்பி வயரையே பிடுங்குங்கள். 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று ஆன் பண்ணிப் பார்ப்பதில்தான் பாதிப் போர்டுகள் போகின்றன. கவிழ்த்து வடிய விடுங்கள். அரிசி மூட்டையில் புதைப்பதால் ஒன்றும் ஆகாது, ஓட்டை வழியாகத் தவிடும் தூசியும் போகும், அதை வேறு நான் எடுக்க வேண்டும். ஹேர் டிரையர் சூடும் வேண்டாம். சர்க்கரை கலந்ததென்றால் போர்டைக் கழற்றி, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டுக் கழுவுவோம். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி 30 தண்ணீர் என்பதை மறக்காதீர்கள். கதவு கீல்களுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை ஃபேடரில் அடித்துக்கொண்டு வருகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். அது எண்ணெய்ப் படலத்தை விட்டுவிடும், தூசி அதில் அப்பிக்கொள்ளும்.

சென்னைத் தம்பி, உங்கள் சேனலில் ஃபேடர் மட்டும்தான் போயிருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பக்கத்துச் சேனல்களையும் திறந்து பார்த்துவிடச் சொல்லுங்கள்.

ஸ்கார்பரோ, டொரண்டோ

இங்க எங்கட ஆக்களின்ர கலியாணம், சாமத்திய வீடு (பூப்பு நீராட்டு விழா) எல்லாம் பாங்குவெட் ஹாலிலதான். ஓப்பன் பார், கண்ணாடி கிளாஸ். அங்கிள்மாரைக் கட்டுப்படுத்த ஏலாது. எங்கட பிரச்சினை மேசையில்லை, சப் (பேஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர் பெட்டி). 18 இஞ்சி சப் பெட்டியின்ர மேல்தட்டு சரியா இடுப்பு உயரத்துக்கு வருது. ஆடப் போற ஆள் அதில கிளாஸை வைச்சிட்டுப் போறார். பேஸ் அடிக்க அடிக்க கிளாஸ் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து விளிம்புக்கு வந்து விழும். பவர்ட் சப் எண்டால் பின்னுக்குத்தான் ஆம்ப், வயர் எல்லாம். சரியா அதுக்கு மேலதான் விழும். கண்ணாடித் துண்டுகளுக்குள்ள வெறுங்காலோட ஆடுற பிள்ளைகளை நினைச்சால் அது வேற பயம்.

நான் சப்புக்கு மேல கம்பம் நட்டு டாப் ஸ்பீக்கரை ஏத்திட்டு, மிச்ச இடத்தில சரிவான ஒரு நுரைப் பலகையை வெல்க்ரோவில ஒட்டிப்போட்டன். புதுச்சேரி அண்ணை சொன்ன அதே சங்கதிதான். பார்க்காரரோட முதலே கதைச்சு, சாப்பாடு முடிஞ்சு டான்ஸ் ஃபுளோர் திறந்த பிறகு பிளாஸ்டிக் கப்பில குடுக்கச் சொல்லுறன். சில ஹால்கள் ஓமெண்டுவினம், சில ஹால்கள் இல்லையெண்டுவினம்.

திருச்சி பக்கம், பந்தல் செட்

எல்லோரும் மேசைக்கு மேலேயே பார்க்கிறீர்கள். மேசைக்கு அடியில் என்ன இருக்கிறது? எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதுவும் வாயைத் திறந்துகொண்டு மண்ணில் கிடக்கும். பிறந்தநாள் விழா ஒன்றில் ரோஸ்மில்க் மேசை விளிம்பில் வழிந்து நேராக அதில் இறங்கி, டப் என்று சத்தம் வந்தது. மிக்சர் போனால் பணம் போச்சு. அந்த நேரம் ஈரப் புல்லில் செருப்பில்லாமல் ஒரு குழந்தை அந்த பாக்ஸைத் தொட்டிருந்தால்?

230 வோல்ட், விளையாட்டில்லை. இப்போது பாக்ஸ் எல்லாவற்றையும் மேசைச் சட்டத்தின் உள்பக்கம், துளைகள் பக்கவாட்டில் பார்க்கும்படி, தரையிலிருந்து ஓரடிக்கு மேல் கட்டிவிடுகிறோம். ஒவ்வொரு வயரும் பாக்ஸுக்கு வரும் முன் கீழே தொங்கி மேலேறும்படி வளைத்து விட வேண்டும். வயர் வழியாக வருகிற திரவம் அந்த வளைவில் சொட்டிவிடும். எங்கள் சொந்த டிஸ்ட்ரிபியூஷன் பெட்டியில் கரன்ட் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போட்டிருக்கிறோம். ஜெனரேட்டரில் ஓட்டுகிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: ஜெனரேட்டரின் நியூட்ரலை எர்த்தோடு கட்டாமல் விட்டிருந்தால் ஆர்சிசிபி இருந்தும் அது விழாமல், அதாவது கரன்ட்டைத் துண்டிக்காமல், போகலாம். வண்டி வந்ததும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். டெஸ்ட் பட்டனை அமுக்கினேன், விழுந்தது என்று மட்டும் நிம்மதியாகிவிட வேண்டாம்.

சென்னை, ஈசிஆர் பக்கம்

சரிவு யோசனையை எடுத்துக்கொள்கிறேன், தச்சரிடம் அளவு கொடுத்தாயிற்று. கோயம்புத்தூர் அண்ணா, மற்ற சேனல்களையும் திறந்து பார்க்கச் சொல்லிவிட்டேன். இன்னொன்று கேட்க வேண்டும். சேதத்துக்குப் பணம் யாரிடம் கேட்பது? ஊற்றியவரிடமா, மாப்பிள்ளை வீட்டிலா?

புதுச்சேரி

ஊற்றியவரிடம் கேட்டால் அடிதடிதான், அதுவும் அந்த நேரத்தில். புக்கிங் பேப்பரிலேயே, விருந்தினரால் கருவிக்குச் சேதம் வந்தால் பழுதுச் செலவு புக் செய்தவருடையது என்று ஒரு வரி சேர்த்து, அட்வான்ஸ் வாங்கும்போது வாயாலும் சொல்லிவிடுங்கள். நடந்த இடத்திலேயே போட்டோ எடுங்கள், ஆனால் பேச்சை அன்றைக்கு எடுக்காதீர்கள். கல்யாண வீட்டில் யாரும் நிதானத்தில் இருக்க மாட்டார்கள். ஒரு வாரம் கழித்து சர்வீஸ் பில்லோடு போனால் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள். கொஞ்சம் குறைத்துக் கொடுப்பார்கள், அதற்கும் தயாராகப் போங்கள்.