ராத்திரி 2:30க்கு விழிப்பு, அப்புறம் தூக்கமே இல்லை: என்ன செய்யலாம்?

வைகைக்கரை (கேள்வி)

அம்மாவுக்கு வயது 61. பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. இரவு 9 மணிக்கே படுத்துவிடுவார், கண் அசர 10:30 ஆகும். 2:30க்கு விழிப்பு வந்தால் 4:30 வரை புரண்டுகொண்டே இருப்பார். பிறகு 6 மணி வரை ஒரு கோழித்தூக்கம். 6:30க்கு எழுவார். மதியம் ஒரு மணி நேரம் படுக்கை. பகலெல்லாம் தலைபாரம், எரிச்சல், மறதி. மாலை 5 மணிக்கு ஒரு காபி உண்டு. வயசானால் இப்படித்தான் என்று விட்டுவிடலாமா? சரி செய்ய வழி இருக்கிறதா?

பிச்சிப்பூ

விட வேண்டாம். வயதானால் தூக்கம் கொஞ்சம் லேசாகும், உண்மைதான். ஆனால் நடு இரவில் இரண்டு மணி நேரம் விழித்துக் கிடப்பதை வயதின் கணக்கில் எழுத முடியாது.

நீங்கள் கொடுத்த நேரத்திலேயே விடை இருக்கிறது. 9 முதல் 6:30 வரை படுக்கையில் இருப்பது 9½ மணி நேரம். தூங்குவது 4 மணியும் 1½ மணியும் சேர்த்து 5½. அதாவது படுக்கையில் இருக்கும் நேரத்தில் 58 சதவீதம்தான் தூக்கம். 85க்கு மேல் இருக்க வேண்டும். வேலைக்குப் போன காலத்தில் இவ்வளவு நேரம் படுத்திருக்க வாய்ப்பே இருந்திருக்காது. தூக்கம் வரவில்லையே என்று முன்னதாகப் படுக்கப் படுக்க, இருக்கிற தூக்கம் அந்த நீளத்துக்கு மெலிந்து நடுவில் கிழிகிறது.

இதற்கு 1987இல் தூக்க ஆய்வாளர் ஆர்தர் ஸ்பீல்மன் வகுத்த முறைதான் மருந்தில்லாத சிகிச்சையின் முதுகெலும்பு: படுக்கை நேரத்தைத் தூங்கும் அளவுக்குச் சுருக்குவது. அம்மாவுக்கு 6 மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். இரவு 11:30க்குப் படுக்கை, காலை 5:30க்கு எழுந்தே ஆக வேண்டும். முந்தின இரவு எப்படிப் போயிருந்தாலும், ஞாயிறானாலும் 5:30தான். மதியப் படுக்கை வேண்டாம். தாங்கவே முடியாவிட்டால் 3 மணிக்கு முன் 20 நிமிடம், அலாரம் வைத்து.

ஒரு வாரம் கழித்துக் கணக்குப் பாருங்கள். படுக்கையில் இருந்ததில் 85 சதவீதம் தூங்கியிருந்தால் (6 மணி நேரத்தில் 5 மணி 6 நிமிடம்) படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னே கொண்டுவரலாம். இல்லாவிட்டால் அதே நேரம் இன்னொரு வாரம்.

பெரும்பாலும் எங்கே கெடும் தெரியுமா? சோபாவில் சாய்ந்து சீரியல் பார்க்கும்போது 9:30க்கு ஒரு அரைமணித் தூக்கம். பகல் முழுக்கச் சேர்த்த தூக்கப் பசி அதிலேயே தீர்ந்துவிடும். 9லிருந்து 11:30 வரை நிமிர்ந்த நாற்காலி, நல்ல வெளிச்சம், கைக்கு வேலை: காய் நறுக்குவது, துணி மடிப்பது.

முதல் ஒன்றிரண்டு வாரம் பகலில் தூக்கம் அசத்தும். அந்த நாட்களில் வண்டி ஓட்டக் கூடாது. வலிப்பு, இருதுருவ மனநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கவே கூடாது, தூக்கம் குறைந்தால் இரண்டும் கிளம்பும்.

2:30 விழிப்புக்கு: கால் மணி நேரம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போகட்டும். மங்கலான விளக்கில் ஜபமோ, பழைய வார இதழோ. கண் சொக்கும்போது மட்டும் திரும்பிப் படுக்கட்டும். கடிகாரத்தைப் படுக்கையிலிருந்து தெரியாதபடி திருப்பி வையுங்கள். நடக்கும் வழியில் மிதியடி, ஒயர் எதுவும் கிடக்கக் கூடாது.

கருவேலங்காடு

மேலே சொன்னது சரி. ஆனால் தொடங்கும் முன் சிலதை விசாரியுங்கள். குறட்டை உண்டா? நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறாரா? காலையில் தலைவலியா? தலைபாரம் என்கிறீர்களே, அதனால்தான் கேட்கிறேன். மூச்சுத் தடையால் கலையும் தூக்கத்துக்குப் படுக்கை நேரத்தைச் சுருக்குவது மருந்தாகாது, தூக்கப் பரிசோதனைதான் வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது கூடும், ஒல்லியானவர்களுக்கும் வரும்.

அடுத்தது கால் குடைச்சல். மாலையானால் கால்களை அசைக்காமல் இருக்க முடியாது, நடந்தால் அடங்கும் என்றால் ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இது குறைந்திருக்கும். இந்தத் தொல்லை உள்ளவர்களுக்கு 75க்குக் கீழே இருந்தாலே இரும்புச் சத்து கொடுப்பது வழக்கம்.

ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை இரவில் போடுகிறாரா? அப்படியானால் விழிப்பு சிறுநீருக்காக இருக்கலாம். காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

தாழ்வாரம்

காபியை விட்டுவிட்டீர்களே. காஃபினில் பாதி உடலை விட்டுப் போகச் சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக் காபியில் 10 மணிக்குப் பாதி மிச்சம், அதிகாலை 3 மணிக்குக் கால் பங்கு. படுத்ததும் தூங்கிவிடுகிறேன் என்பவர்களுக்கும் தூக்கத்தின் ஆழம் குறையும். கடைசிக் காபி மதியம் 12க்குள் முடியட்டும், டீயும் அப்படியே. மாலை ருசிக்குச் சுக்கு மல்லிக் காபி போடலாம், அதில் காஃபின் கிடையாது.

வெந்நீர்க் குளியல் படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம், ஒன்றரை மணி நேரம் முன்னால் 10 நிமிடம். தோலுக்கு ரத்தம் வந்து உள்சூடு வெளியேறி உடல் குளிர்வதுதான் தூக்கத்தை அழைக்கிறது. மொட்டை மாடிக்குக் கீழ் அறை என்றால் தளம் இரவெல்லாம் அனல் கக்கும். கோடையில் வேறு அறைக்கு மாற்றுங்கள்.

வைகைக்கரை

நன்றி. இரண்டு விஷயம் சொல்ல மறந்தேன். ஆறு மாதமாகத் தூக்கத்துக்கு அல்பிரசோலம் மாத்திரை (0.25 மி.கி.) தினமும் போடுகிறார், நாளையிலிருந்து நிறுத்தலாமா? பக்கத்து வீட்டம்மா பாலில் ஜாதிக்காய்த்தூள் கொடுக்கச் சொல்கிறார்.

பிச்சிப்பூ

நாளையே நிறுத்தாதீர்கள். ஆறு மாதம் போட்டதைத் திடீரென்று விட்டால் முன்பைவிட மோசமாகத் தூக்கம் போகும், படபடப்பு வரும், சிலருக்கு வலிப்பே வரலாம். எழுதிக் கொடுத்த மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்துத் தரட்டும். ஆனால் குறைத்தே ஆக வேண்டும். வயதானவர்களுக்கு இது உடலில் அதிக நேரம் தங்கும். நீங்கள் சொன்ன மறதிக்கும் இது காரணமாக இருக்கலாம், ராத்திரி எழும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கும். அதனால் மாத்திரை இருக்கும்வரை 2:30க்கு எழுந்து நடப்பதை நிறுத்தி, கட்டிலிலேயே சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள். படுக்கை நேரத்தைச் சுருக்குவதையும் அந்த மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

ஜாதிக்காய் ஒரு சிட்டிகை தீங்கில்லை. பலிக்கவில்லை என்று கூட்டிக்கொண்டே போய் ஒரு தேக்கரண்டி போடுவதுதான் ஆபத்து. 5 கிராம் அளவிலேயே நெஞ்சுப் படபடப்பு, வாய் வறட்சி, மனக்குழப்பம் வரும்.

மருத்துவரிடம் போகும்முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறியுங்கள்: படுத்த நேரம், தோராயமாகத் தூங்கிய நேரம், எத்தனை முறை விழிப்பு, எழுந்த நேரம், காபி, மாத்திரை. காலையில் எழுந்தபின் எழுதினால் போதும், ராத்திரி கடிகாரம் பார்த்து எழுத வேண்டாம்.